மொரிஸ் மைனரின் ஒயில் ஒழுக்கை நிறுத்துவது எப்படி?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் அப்பாவின் மொரிஸ் மைனர் கார் நிற்கிறது. 1098 சிசி என்ஜின். கீழே எப்போதும் ஒரு தகரத் தட்டு. முன்பு இரண்டு நாளில் தட்டு நனைந்துவிடும். இப்போது கிழமைக்கு நாலைந்து சொட்டுத்தான்.

முதலில் ஒழுக்கு தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். ஒயில் மேலே கசிந்து, வழிந்து, கடைசியில் என்ஜினின் கீழே உள்ள ஒயில் தொட்டியான சம்பின் அடியில்தான் சொட்டும். அதனால் சம்பைக் கழற்றி வீணாக மெனக்கெடுகிறோம். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு என்ஜினைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகப் பவுடர் தூவுங்கள். கல்லடிப் பாலம் தாண்டி ஒரு சுற்றுப் போய் வந்து பார்த்தால் ஈரக்கோடு தெரியும்.

என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் கழுவுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அமுக்கம் கூடும், பிறகு இரு பாகங்களின் இடுக்கை அடைக்கும் எந்த கேஸ்கட்டும் ஒயிலைப் பிடித்து வைக்காது.

என்ஜினின் மேல் மூடியான ரொக்கர் கவருக்கு புதுக் கோர்க் கேஸ்கட் போடுங்கள். கவர் பக்கம் மட்டும் மெல்லிய சீலன்ட் பூசி ஒட்டவேண்டும். ஹெட் பக்கம் லேசாக கிரீஸ். அப்படிச் செய்தால், டெப்பட் (வால்வு இடைவெளி) செற் பண்ணத் திறக்கும்போது கேஸ்கட் கிழியாது. இரண்டு நட்டையும் 4 அடி-இறாத்தலுக்கு மேல் இறுக்காதீர்கள். கூட இறுக்கினால் தகரம் வளைந்து ஒழுக்கு இன்னும் கூடும்.

சம்புதான் பொறுமை கேட்கும் இடம். முதல் தடவை சிலிக்கனைத் தாராளமாகப் பிதுக்கினேன். உள்ளே பிதுங்கியது புழுப்போலக் காய்ந்து உதிர்ந்து, ஒயில் பம்ப் வலையை அடைத்துவிட்டது. செங்கலடிக்குப் போகும் வழியில் ஒயில் விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தியதால் பெயாரிங் தப்பியது. அன்றிலிருந்து 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சிலிக்கன் கோடுதான், அதற்கு மேல் இல்லை.

குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். ஒயில் தாங்கும் கேஸ்கட் சிலிக்கன் என்று கேட்டு வாங்குங்கள். பழைய கேஸ்கட்டை மரச்சில்லால் சுரண்டி எடுங்கள். சம்பின் போல்ட் துளைகள் குழிந்திருந்தால் கட்டையில் வைத்து மெல்லத் தட்டி மட்டமாக்குங்கள். தின்னரால் துடைத்த பிறகு கைவிரல் படக்கூடாது. இரு முனைகளிலும் வரும் கோர்க் துண்டுகள் பக்க கேஸ்கட்டைச் சந்திக்கும் நாலு மூலைகளிலும் ஒரு பொட்டுச் சிலிக்கன். மேற்பரப்பில் தோல் கட்டுவதற்குள் சம்பை ஏற்றி, போல்ட்டுகளைக் கையால் மாறிமாறிப் பூட்டுங்கள். ஒரு மணிநேரம் கழித்து இறுக்கலாம். ஒயில் ஊற்ற 24 மணிநேரம் பொறுங்கள். சிலிக்கன் இறுகுவது காற்றின் ஈரத்தால். வாவிக்கரையில் அதற்குக் குறைவில்லை. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் விடிகாலையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் பூசிய இடமெல்லாம் மண் ஒட்டும்.

வண்டியைத் தூக்கும் ஜக்கை மட்டும் நம்பி அந்த வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தடித்த மரக்கட்டை கொடுங்கள்.

என்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பின்பக்க மெயின் பெயாரிங்கில் சீல் கிடையாது. அந்தத் தண்டில் வெட்டிய திருகுபுரிதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அங்கே ஓரிரு சொட்டு விழுவது இயல்பு, எந்தச் சிலிக்கனும் நிறுத்தாது. கிளச்சை மூடியிருக்கும் கிளச் வீட்டின் அடியில் ஸ்பிளிற் பின் (இரண்டாகப் பிளந்த கம்பி ஊசி) தொங்கும் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வடிய வழியில்லாத ஒயில் கிளச் பிளேற்றில் ஏறிவிடும். பின்னை அவ்வப்போது ஆட்டிவிட்டு, தட்டை அதற்கு நேர் கீழே வையுங்கள்.