டெடிகேட்டட் சர்வர் வாங்கும் முன் போட வேண்டிய பேண்ட்வித் கணக்கு

டெடிகேட்டட் சர்வர் (யாருடனும் பகிராமல் முழுவதும் உங்களுக்கே கிடைக்கும் சர்வர்) தேடுபவர்கள் பெரும்பாலும் எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம் என்று ஒப்பிடுவதில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். பேண்ட்வித் (நெட்வொர்க் வழியாக எவ்வளவு டேட்டா போகலாம் என்ற அளவு) வரியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரேமைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். நெட்வொர்க் போதவில்லை என்றால் பல இடங்களில் சர்வரையே மாற்ற வேண்டிவரும். அதனால் இந்தக் கணக்கை முதலில் முடிப்போம்.

படி 1: டெடிகேட்டட் தேவைதானா?

இப்போது விபிஎஸ்-இல் (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் மெய்நிகர் சர்வர்) இருக்கிறீர்கள், தளம் மந்தமாக இருக்கிறது என்றால், நெரிசலான நேரத்தில் லினக்ஸின் 'டாப்' (top) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்று ஓர் எண் இருக்கும். அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்களால் உங்களுக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரம் அது. அந்த எண் தொடர்ந்து 5, 10 சதவீதம் என்று நின்றால் தனி சர்வர் நிச்சயம் உதவும். அது பூஜ்யத்தை ஒட்டியிருந்து, டேட்டாபேஸ் மட்டும் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத ஏதோ ஒரு குவெரிதான் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் சர்வர் மாறினால் பிரச்சினையும் கூடவே வரும்.

படி 2: மாதத்துக்கு எவ்வளவு டேட்டா?

போர்ட் (சர்வரை நெட்வொர்க்கோடு இணைக்கும் வாயில்) வேகம் வேறு, மாத டேட்டா அளவு வேறு. போர்ட் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவைப் பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) போர்ட் வினாடிக்கு 12.5 எம்பி மட்டுமே அனுப்பும். 1 எம்பிபிஎஸ் இணைப்பு 30 நாளும் நிற்காமல் ஓடினால் 324 ஜிபி ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் சரிபார்த்துவிடலாம்.

உங்கள் அளவை ஊகிக்காதீர்கள். வெப் சர்வரின் ஆக்ஸஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவேடு) ஒவ்வொரு வரியிலும் ஸ்டேட்டஸ் எண்ணுக்கு அடுத்து, அனுப்பிய பைட்டுகள் பதிவாகியிருக்கும். ஒரு வாரத்துக்கான லாகில் அந்தப் பத்தியைக் கூட்டுங்கள். அனலிடிக்ஸ் கருவியை மட்டும் நம்பினால் கணக்கு குறையும். பெரும்பாலான பாட்கள் (தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவதில்லை என்பதால் அதில் தெரியாது, ஆனால் டேட்டாவை இழுத்துக்கொண்டே இருக்கும்.

லாகின்படி நாளுக்கு 20,000 பக்கப் பார்வைகள், பார்வைக்குச் சராசரி 2.5 எம்பி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 50 ஜிபி, மாதத்துக்கு 1.5 டிபி. இதோடு தினமும் 60 ஜிபி பேக்கப்பை வெளியே அனுப்புகிறீர்கள் என்றால் அது மட்டுமே 1.8 டிபி. வாசகர்கள் எடுப்பதைவிட அதிகம்! மொத்தம் 3.3 டிபி. வளர்ச்சிக்கும் எதிர்பாராத கூட்டத்துக்கும் சேர்த்து இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: உச்ச நேரத்தில் எவ்வளவு?

3.3 டிபியை மாதம் முழுக்கப் பரப்பினால் சுமார் 10 எம்பிபிஎஸ்தான் வருகிறது. அந்தச் சராசரியை நம்பிப் போர்ட் வாங்கக் கூடாது. ஒரு நாள் கூட்டத்தில் 12 சதவீதம் ஒரே மணி நேரத்தில் வருகிறது என்றால் 2,400 பார்வைகள், 6 ஜிபி, அதாவது 13 எம்பிபிஎஸ். அந்த மணி நேரத்துக்குள்ளும் கூட்டம் சீராக வராது. நான்கு மடங்கு எகிறும் என்று கொண்டால் 53 எம்பிபிஎஸ். அதே நேரத்தில் பேக்கப்பும் ஓடினால் 100 எம்பிபிஎஸ் போர்ட் அடைத்துக்கொள்ளும். சிபியு சும்மா இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. இந்த அளவுத் தளத்துக்கே 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) போர்ட்தான் எங்கள் பரிந்துரை.

வீடியோவுக்குக் கணக்கே வேறு. 5 எம்பிபிஎஸ் வீடியோவை 200 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் 1 ஜிபிபிஎஸ் முழுவதும் தீர்ந்துவிடும். உண்மையில் அதற்கு முன்பே தீரும். பாக்கெட் ஹெட்டர்கள் (ஒவ்வொரு டேட்டா துண்டோடும் போகும் முகவரி விவரங்கள்) போக அந்தப் போர்ட்டில் சுமார் 940 எம்பிபிஎஸ்தான் கையில் நிற்கும். படங்களையும் வீடியோவையும் சிடிஎன் (ஃபைல்களின் நகலைப் பல இடங்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) வழியாகக் கொடுத்தால் இந்தச் சுமையில் பெரும்பகுதி சர்வருக்கு வராது.

படி 4: பேண்ட்வித் நிபந்தனைகளைப் படியுங்கள்

'அன்மீட்டர்ட்' என்றால் டேட்டாவை எண்ண மாட்டார்கள், போர்ட் வேகமே எல்லை. அந்தப் போர்ட் உங்களுக்கே உறுதி செய்யப்பட்டதா, மற்றவர்களோடு பகிர்வதா என்று எழுத்தில் கேளுங்கள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் நியாயமான பயன்பாட்டு விதியில் ஓர் எல்லை ஒளிந்திருக்கும். தேடிப் படியுங்கள். மாத அளவு தீர்ந்தால் கூடுதல் கட்டணமா, வேகக் குறைப்பா, நிறுத்தமா என்பதும் தெரிய வேண்டும்.

95-ஆம் பெர்சன்டைல் முறையில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தை அளப்பார்கள். 30 நாளில் 8,640 அளவுகள். அவற்றில் உச்சத்தில் உள்ள 432-ஐ நீக்கிவிட்டு அடுத்த அளவுக்குக் கட்டணம் போடுவார்கள். நீக்கப்படும் நேரம் மொத்தம் 36 மணி. இப்போது அந்த 60 ஜிபி பேக்கப்பைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் அது 80 நிமிடம் ஓடும், மாதத்துக்கு 40 மணி நேரம். 36-ஐத் தாண்டிவிட்டதால், மற்ற நேரமெல்லாம் இணைப்பு காலியாகக் கிடந்தாலும் 100 எம்பிபிஎஸ்-க்குத்தான் பில் வரும். பேக்கப் வேகத்தை 40 எம்பிபிஎஸ்-க்கு மட்டுப்படுத்தி நள்ளிரவில் 200 நிமிடம் ஓடவிடுங்கள். மாறியவற்றை மட்டும் அனுப்பும் இன்கிரிமென்டல் முறை அதைவிட நல்லது.

டிடாஸ் தாக்குதல் (பல கணினிகளிலிருந்து கோரிக்கைகளைக் குவித்துச் சர்வரை முடக்குவது) வந்தால் வடிகட்டுவார்களா, உங்கள் ஐபியையே துண்டித்துவிடுவார்களா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: இயந்திரம்

ரேம்: பிஎச்பி ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் நிரல்) ஒன்றுக்கு 60 எம்பி என்றால் 50 ஒர்க்கருக்கு 3 ஜிபி. டேட்டாபேஸின் அளவு முழுவதும் ரேமில் அடங்கினால் மிக நல்லது. மைஎஸ்க்யூஎல்-இன் இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாவை வைத்திருக்க ரேமில் ஒதுக்கும் இடம்) இயல்பாக 128 எம்பி மட்டுமே. அதைக் கூட்டாவிட்டால் 64 ஜிபி வாங்கியும் பயன் இல்லை. பிழைகளைத் தானே திருத்தும் இசிசி ரேமாகக் கேளுங்கள்.

டிஸ்க்: இரண்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை), ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே நகல்). ரெய்டு 0-இல் (டேட்டாவைப் பிரித்து இரண்டிலும் வைப்பது) ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 1 பேக்கப் ஆகாது, தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

சிபியு: ஒரு பக்கம் உருவாகும் நேரத்தை ஒற்றைக் கோரின் வேகம்தான் முடிவு செய்கிறது. கோர்களின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு.

படி 6: இடமும் சோதனையும்

ஃபைபரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 8,000 கிலோமீட்டர் தள்ளி சர்வர் இருந்தால் போய்வர மட்டும் குறைந்தது 80 மில்லிசெகண்ட். டிசிபி (இணைப்பை ஏற்படுத்த), டிஎல்எஸ் 1.3 (அதைக் குறியாக்கம் செய்ய), பிறகு பக்கத்துக்கான கோரிக்கை என்று மூன்று முறை போய்வர வேண்டும் என்பதால் முதல் பைட்டுக்கே 240 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எந்த சிபியுவும் இதைக் குறைக்காது. வாசகர்களுக்கு அருகில் வாங்குங்கள்.

நிறுவனத்திடம் சோதனை ஐபி கேட்டு வாங்கி, வாசகர்கள் பயன்படுத்தும் வெவ்வேறு இணைப்புகளிலிருந்து மாலை நெரிசல் நேரத்தில் 'எம்டிஆர்' (mtr, சர்வர் வரையிலான வழியைச் சோதிக்கும் கருவி) ஓட்டுங்கள். நடுவில் ஒரு ஹாப்பில் (வழியில் உள்ள ரூட்டர்) மட்டும் பாக்கெட் இழப்பு தெரிந்தால் பயமில்லை. அது கடைசி ஹாப் வரை தொடர்ந்தால் வேறு இடம் பாருங்கள்.

படி 7: சர்வர் கைக்கு வந்த முதல் நாள்

'ஈத்டூல்' (ethtool) கட்டளையில் போர்ட் வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். கேபிள் பழுதால் 100-க்கு இறங்கியிருப்பது அடிக்கடி நடப்பது. 'ஸ்மார்ட்சிடிஎல்' (smartctl) கட்டளையில் டிஸ்க் ஓடிய மணி நேரமும் தேய்மான சதவீதமும் தெரியும். மிகவும் தேய்ந்திருந்தால் தளத்தை ஏற்றுவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள். ரெஸ்க்யூ மோட் (தற்காலிக இயங்குதளத்தில் சர்வரைத் தொடங்குவது) அல்லது ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்தே இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் வசதி) வழியாக ஒரு முறை உள்ளே நுழைந்து பாருங்கள். ஃபயர்வாலில் உங்களையே பூட்டிக்கொண்டால் அதுதான் ஒரே வழி.

தளத்தை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்-இல் டிடிஎல்-ஐ (முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய சர்வரை ஒரு வாரமாவது ஓடவிட்டு, அதன் லாகில் உண்மையான வாசகர்கள் யாரும் வராததை உறுதி செய்துகொண்டு ரத்து செய்யுங்கள்.