ஹால் பேக் தைக்கத் துணி எடுக்கும்போது சறுக்குகிற இடங்கள்

பாறைச்சுவர் ஏறுகிறவர்கள் சாமானைப் போட்டுக் கயிற்றால் மேலே இழுக்கிற பைதான் ஹால் பேக். என் முதல் ஹால் பேக்கை ஃப்ளெக்ஸ் பேனரில் தைத்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் பழைய கல்யாண பேனர் சும்மாவே கிடைக்கும், கனமாக இருக்கும், தண்ணீர் இறங்காது, இரண்டு கையாலும் இழுத்தால் அசையவே அசையாது, இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்றாவது இழுப்பில் மாப்பிள்ளையின் முகம் பாறையோடு போய், உள்ளே இருந்த ஸ்டவ்வின் மூலை வெளியே எட்டிப் பார்த்தது.

பெரிய பாறைச்சுவரில் பல நாள் ஏறுகிறவர்கள் சுமையை முதுகில் தூக்குவதில்லை. முதலில் ஆள் ஏறி, கப்பி மாட்டி, கயிற்றால் பையை மேலே இழுப்பார்கள். கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் மாதிரி 900 மீட்டர் சுவர் என்றால் குடிக்கிற தண்ணீர் முழுக்க அதில்தான். ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும் இரண்டு பேருக்கு 4 நாளைக்குத் தண்ணீரே 24 கிலோ ஆகிவிடும், அந்தக் கனத்தோடு பை வழியெல்லாம் உரசிக்கொண்டே வரும்.

கையால் இழுத்துப் பார்த்துத் துணி வாங்குவதுதான் முதல் தவறு, நானும் அதைத்தான் செய்தேன். வாளையார் ரோட்டில் லாரிக்குத் தார்பாய் தைக்கிற அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: "இழுத்துப் பாக்காதீங்க தம்பி, தேச்சுப் பாருங்க." லாரித் தார்பாய் நடுவில் கிழிவதைவிடக் கம்பி மூலை உரசுகிற இடத்தில் ஓட்டையாவதுதான் அதிகமாம். பையும் அப்படித்தான். உள்ளே ஸ்டவ், டப்பா, இரும்புச் சாமான், வெளியே பாறை, நடுவில் துணி, அம்மிக்கும் குழவிக்கும் இடையில் மாட்டிய மிளகாய் மாதிரி. அதனால் துணிக்கு எவ்வளவு செலவழித்தாலும், படுக்க எடுத்துப் போகிற ஃபோம் பாயை உள்ளே சுற்றி விரிக்காவிட்டால் பாதிக் காசு வீண்.

சரி, ஃப்ளெக்ஸ் ஏன் தோற்றது? அதில் இடைவெளி விட்டுப் பின்னிய மெல்லிய நூல்வலை ஒன்று, அதன் இரண்டு பக்கமும் பிவிசி படலம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மேல்படலம் தேய்ந்ததும் வலை தனியாக வந்துவிடும். நல்ல லாரித் தார்பாயில் நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் துணியின் இரு பக்கமும் பிவிசி பூசியிருப்பார்கள். வெட்டு விளிம்பை பிளேடால் சுரண்டி உரித்துப் பாருங்கள், தோல் மாதிரி உரிந்து வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரரிடம் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேளுங்கள். இதே பிவிசி பூசிய துணியைத்தான் அமெரிக்காவில் பை தைக்கிறவர்கள் வினைல் என்பார்கள், அவர்கள் 18 அவுன்ஸ் வினைல் என்று சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 610 கிராம். அடிப்பாகத்துக்கு அதிலேயே இரண்டு மடிப்பு போடலாம்.

ஜி.எஸ்.எம். மட்டும் பார்த்து, வெங்காய மூட்டை மூடுகிற நீலத் தார்பாயை வாங்கிவிடாதீர்கள். அது வேறு பிளாஸ்டிக், கொஞ்ச நாள் வெயிலிலேயே செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். பருத்திக் கேன்வாஸ் தேய்மானத்தை ஓரளவு தாங்கும், ஆனால் நனைந்தால் கனம் கூடிவிடும், எடவப்பாதி மழையில் மூலையில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப் போகும்.

அப்புறம் டெனியர். 1000 டெனியர் என்றால் அந்த நூல் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு 1 கிலோ எடை, வேறொன்றும் இல்லை. எந்த இழை, எப்படி நெய்தது, என்ன பூச்சு என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்காது. பைக்கடையில் 1680 என்று பெருமையாக எடுத்துப் போடுவது பாலியஸ்டராக இருக்கலாம், அதைவிடச் சின்ன எண் போட்ட நைலான் உரசலில் அதை ஜெயித்துவிடலாம். பாலிஸ்டிக் நைலான் என்ற பெயரைக் கேட்டு மயங்குகிறவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சிதறல் தடுக்கும் கவச உடைக்காக வந்த துணி அது, பலமானதுதான், ஆனால் மேலே வழுவழுப்பான பூச்சு இல்லாமல் நெசவு தெரிந்தால் பாறைப் பொருக்கு ஒவ்வொரு நூலாகக் கோர்த்து இழுக்கும். வினைல் வழுக்கிக்கொண்டு போகும். என் ஓட்டு வினைலுக்குத்தான். கனம்தான் அதன் குறை, ரொம்ப தூரம் நடந்து பாறைக்குப் போகிறவர்கள் நைலானை யோசிக்கலாம்.

துணியில் காட்டுகிற அக்கறையை, பையைத் தாங்குகிற நாடாப் பட்டையில் விட்டுவிடுவது இன்னும் மோசம், ஏனென்றால் பை கீழே விழுந்தால் கீழே நிற்பவர் உயிர் போகும். கனத்தைத் துணி தாங்கக் கூடாது. பட்டை ஒரு பக்கம் மேலிருந்து இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் மேலே வர வேண்டும். கடையில் எல்லாப் பட்டையையும் நைலான் என்றே சொல்வார்கள். ஒரு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ் போகும்வரை பிழிந்து விடுங்கள். நைலானும் பாலியஸ்டரும் முழுகும், பாலிபுரோபிலீன் மிதக்கும். மிதப்பதை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், வெயிலும் உரசல் சூடும் அதற்கு ஆகாது.

நூலும் அப்படியே. சட்டை தைக்கிற நூல் கூடவே கூடாது, தார்பாய்க்காரர்கள் போடுகிற தடித்த நைலான் நூல் வேண்டும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்து வினைலில் பொடித் தையல் போட்டீர்களானால் தபால்தலைத் தாள் மாதிரி ஓட்டை வரிசையிலேயே கிழியும், 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தையல் வரியும் வெளியே தெரியக் கூடாது, மேலே ஒரு பட்டித் துணி வைத்து மூடுங்கள், பாறை முதலில் தின்பது நூலைத்தான்.

தைத்து முடித்ததும் சுவருக்கு எடுத்துப் போகாமல், உள்ளே மணலும் இரண்டு தேங்காயும் போட்டுப் பக்கத்துப் பாறைச்சரிவில் இருபது தடவை இழுத்துப் பாருங்கள். எங்கே வெளுக்கிறதோ அங்கே இன்னொரு துண்டு. என் இப்போதைய பைக்கு அடியில் அப்படி ஐந்து துண்டு இருக்கிறது, ஒன்றில் மட்டும் பாதி லாரி நம்பர் தெரியும்.