சனிக்கிழமை ஃபேன்டசி உதைபந்தாட்டம்: 200 ரூபாவோடு தொடங்குகிறவர்களுக்கு

திருகோணமலையில் நாங்கள் 12 பேர், ஒன்றரை வருடமாக, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ஆளுக்கு 200 ரூபா போட்டு ஃபேன்டசி உதைபந்தாட்டம் ஆடி வருகிறோம். அதாவது, உண்மையான வீரர்களை எடுத்து ஆளுக்கொரு டீம் போடுவோம், அவர்கள் மைதானத்தில் செய்வதற்கு ஏற்ப எங்களுக்குப் புள்ளி. பெரும்பாலும் ஏகாம்பரம் மைதானத்தில் ஒன்றாகப் பந்தடித்த பெடியன்கள்தான். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக விளங்கப்படுத்திக் களைத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்கு என்றே எழுதுகிறேன், அதனால் லீக்கின் அடிப்படைக்குள் போகவில்லை.

முதலில் ஒரு வேறுபாடு. பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஃபேன்டசி விளையாட்டு இலவசம். 15 பேரை எடுத்துப் பருவம் முழுக்கக் கொண்டுபோக வேண்டும். நாள் ஃபேன்டசி அப்படி இல்லை. ஒரு நாளுக்கு ஒரு டீம், இரவோடு முடிவு, அடுத்த முறை புது டீம். அமெரிக்காவின் டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைத்தான் காசுக்கு நடத்துகின்றன. அங்கே 50,000 டொலர் கற்பனைச் சம்பளத்துக்குள் 8 வீரர்களை எடுக்க வேண்டும். நாங்கள் அந்த முறையை எடுத்து, புள்ளிகளைப் பிரீமியர் லீக்கின் இலவச ஆப்பிலிருந்து பார்த்து, காசைக் கையில் வைத்து ஆடுகிறோம்.

ஏன் ஒரு தளத்தில் காசு கட்டி ஆடவில்லை என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 20 பேர் ஆளுக்கு 10 டொலர் கட்டுகிறார்கள், முதல் 10 பேருக்கு 18 டொலர் வீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். உள்ளே போனது 200, வெளியே வந்தது 180. மிச்சம் நடத்துகிறவருக்கு. பாதிக்குப் பாதி வென்றாலும் உங்களுக்கு நட்டம்தான். கைக்காசு போகாமல் இருக்கவே 100 ஆட்டத்தில் 56 வெல்ல வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அது நடக்காது. எங்கள் 12 பேரில் யாரும் தரகு எடுப்பதில்லை, போட்ட 2,400 ரூபாவும் அப்படியே திரும்பி வருகிறது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குச் சட்டம் போட்டுத் தடை கொண்டுவந்ததும் அங்குள்ள பெரிய ஃபேன்டசி தளமான ட்ரீம்11 காசுப் போட்டிகளை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யாராவது டெலிகிராமில் லிங்க் அனுப்பி, தனி ஆளின் வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் தொடவே வேண்டாம். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. 3,000 ரூபா போட்டேன். திரும்ப எடுக்கப் போனபோது இன்னும் 5,000 போட்டால்தான் கணக்குத் திறக்கும் என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

சரி, இனிச் செய்முறை.

படி 1: ஆட்களும் காசும்

8 முதல் 12 பேர் போதும். எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்களாக, முகம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். காசு வெள்ளி இரவுக்குள் கையில் வர வேண்டும், கடன் கிடையாது. மாதத்துக்கு 4 அல்லது 5 சனி, அதாவது 800 அல்லது 1,000 ரூபா. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். 'இது சூது இல்லையா' என்று அம்மா கேட்டா. காசு வைத்து ஆடுகிறோம், அதை மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் தொகைக்கு எல்லை கட்டி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். கணக்கு எழுதும் கொப்பியையும் காட்டினேன்.

எங்கள் பரிசு: முதலாவது 1,200, இரண்டாவது 700, மூன்றாவது 500.

படி 2: டீம் போடுவது

இங்கிலாந்து நேரம் சனி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் மட்டும். (அந்த நேரத்து ஆட்டங்கள் இங்கிலாந்து டிவியில் நேரடியாகப் போவதில்லை. திருகோணமலையில் இருந்து நாங்கள் பார்க்கிறோம், லண்டனில் இருக்கும் என் மச்சானுக்குக் கிடையாது.) ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபெண்டர், இரண்டு மிட்ஃபீல்டர், ஒரு ஃபோர்வர்ட், மொத்தம் 6 பேர். ஆப்பில் ஒவ்வொரு வீரருக்கும் உள்ள கற்பனை விலைப்படி மொத்தம் 40 மில்லியன் பவுண்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு கழகத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் மான்செஸ்டர் சிட்டி ஃபோர்வர்ட் ஹாலண்டைத்தான் எடுப்பார்கள். 2025–26 பருவத்தை அவர் 14 மில்லியனில் தொடங்கினார். அவரை எடுத்தால் மிச்சம் 5 பேருக்கு 26 மில்லியன்தான், ஆளுக்கு 5 சொச்சம். எடுக்கலாம், ஆனால் மற்ற ஐவரும் மலிவு விலையிலேயே தேற வேண்டும்.

நான் எப்போதும் டிஃபெண்டரில் இருந்து தொடங்குவேன். ஃபோர்வர்ட் ஒரு கோல் அடித்தால் 4 புள்ளி, டிஃபெண்டர் அடித்தால் 6. டிஃபெண்டர் 60 நிமிடம் நின்று அதுவரை கோல் வாங்காவிட்டால் இன்னும் 4. 2025–26இல் ஒரு புது விதியும் வந்தது. ஒரு டிஃபெண்டர் பந்தை அகற்றுவது, தடுப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்து 10 தரம் செய்தால் 2 புள்ளி. இதனால் எந்நேரமும் அடி வாங்கிக்கொண்டு நிற்கும் சின்னக் கழகத்தின் நடு டிஃபெண்டருக்கும் மதிப்பு வந்துவிட்டது. 4.5 மில்லியனுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். மிட்ஃபீல்டில் பெனால்டி அடிக்கிறவரை எடுங்கள். கோல்கீப்பருக்கு 5 மில்லியனுக்கு மேல் கொடுப்பது வீண்.

படி 3: டீம் ஷீட் வரும்வரை பொறுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அதிகாரபூர்வ ஃபேன்டசியில் கிழமையின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே கதவு பூட்டிவிடும். கழகங்கள் ஆடும் 11 பேரை அறிவிப்பது, அதாவது டீம் ஷீட், அவரவர் ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்பு. ஆக அங்கே இருட்டில்தான் டீம் போடுகிறோம். உங்கள் ஆள் ஆடாவிட்டால் பெஞ்சில் மாற்று ஆளாக இருக்கிறவர் தானாக உள்ளே வருவார். நாள் ஃபேன்டசியில் பெஞ்ச் இல்லை. ஆடாதவருக்கு 0, கடைசி 20 நிமிடம் வந்து ஓடினவருக்கு 1. அதற்குப் பதிலாக, ஆட்டம் தொடங்கும்வரை டீமை மாற்றலாம். அந்த 75 நிமிடத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறவருக்குத்தான் காசு.

இப்போது நேரத்தைப் பாருங்கள். கோடையில் இங்கிலாந்துக்காரரின் பிற்பகல் 3 மணி எங்களுக்கு இரவு 7:30, டீம் ஷீட் 6:15க்கு வரும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள். அன்றிலிருந்து ஆட்டம் 8:30, டீம் ஷீட் 7:15. மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி 7:30. எங்கள் மணிக்கூடு அசைவதே இல்லை, அதனால் நமக்கு ஞாபகம் வராது.

குளிர்காலம் முழுக்க என் போனில் 7:15க்கு அலாரம். மார்ச் முடிந்து வந்த முதல் சனி, நிலாவெளி பஸ்ஸில் நிற்கிறேன், ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் மீன் பை. அலாரம் அடித்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து, குளித்து, பிளேன்டீயோடு போனைத் திறந்தால் ஆட்டம் 20 நிமிடம் ஓடிவிட்டது. மத்தியானம் அனுப்பிய தற்காலிக டீம்தான் என் பெயரில் கிடந்தது. அதில் ஃபோர்வர்ட் பெஞ்சில் இருந்தார். கடைசியில் வந்து 1 புள்ளி எடுத்தார். மூன்றாம் இடத்தை 3 புள்ளியால் விட்டேன்.

அன்றிலிருந்து போனின் உலக மணிக்கூட்டில் லண்டனையும் சேர்த்து வைத்திருக்கிறேன். லண்டன் 1:45 எப்போது என்று அதில் பார்த்துவிட்டுத்தான் சனி காலையில் அலாரம் வைப்பேன். மனக்கணக்கை நம்பாதீர்கள். டீம் ஷீட்டுக்குக் கழகங்களின் சொந்தப் பக்கங்களை மட்டும் பாருங்கள். 'கசிந்த டீம்' என்று மத்தியானமே போடும் கணக்குகளை நம்பி இரண்டு பேர் எங்கள் கூட்டத்தில் ஏமாந்தார்கள்.

படி 4: எழுதி வைப்பது, காசு பிரிப்பது

எக்செல், ஆப் எல்லாம் பார்த்தோம். எனக்கு சீஆர் கொப்பிதான் பிடிக்கும். டீமை வட்ஸ்அப் குழுவில் அனுப்ப வேண்டும், ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் கொப்பியில் எழுதிப் படம் பிடித்துக் குழுவில் போடுவார். இரவே காசைப் பிரிக்காதீர்கள். ஆப் கூடுதலாகக் கொடுக்கும் போனஸ் புள்ளிகள் உறுதியாவதற்கு நேரமெடுக்கும். ஒரு முறை இரவே கொடுத்துவிட்டு, விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன. இப்போது ஞாயிறு காலை டச்சு விரிகுடாக் கடற்கரையில் வைத்துத்தான் கொடுக்கிறோம். உளுந்து வடைப் பையைக் கவனமாகப் பிடிக்க வேண்டும், அங்கே திரியும் மான்கள் பேப்பரோடு இழுத்துவிடும்.

பிற்சேர்க்கை 1

கிண்ணியாவில் இதே முறையில் தொடங்கிய ஒருவர் எழுதியிருந்தார்: 7:25க்கு டீம் அனுப்பிய ஒருவர் 7:35க்கு அதே மெசேஜைத் திருத்திவிட்டாராம். வட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடம்வரை திருத்தலாம், திருத்திய அடையாளம் விழும், ஆனால் நேரம் பழைய 7:25 ஆகவே நிற்கும். எங்களுக்கு இது தோன்றவே இல்லை. உடனே விதி போட்டோம்: திருத்திய மெசேஜ் செல்லாது. மாற்ற வேண்டுமென்றால் முழு டீமையும் புதிதாக அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 2

ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். தொடங்க முன் தெரிந்தால் ஆளை மாற்றலாம். மற்ற ஆட்டங்கள் தொடங்கிய பிறகு தெரிந்தால் அந்தச் சனிக்குப் பரிசு இல்லை, காசு அடுத்த சனிக்குப் போகும். எங்களுக்கு ஒரு முறை அப்படி வந்தது. 2,400 ரூபாவும் கொப்பியின் பின்மட்டைக்குள், ரப்பர் பாண்ட் போட்டபடி, ஒரு கிழமை என் மேசையில் இருந்தது.