கிராமத்துக் கேலிக் (Gaelic) கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

கேலிக் கால்பந்து, காலாலும் கையாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. அந்நாட்டின் கிராமப்புறங்களில், கத்தோலிக்கப் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) ஒன்றுக்கு ஒரு கழகம் என்பதே கேலிக் கால்பந்தின் பொதுவான வழக்கம். ஆகவே அத்தகைய கழகம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர், எந்த ஆண்டில் யார் ஊரில் இருந்தார், யார் கப்பலேறினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.

தொடக்க ஆண்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் சட்டையில் பொறித்திருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுன்டியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் கூடிய மைக்கேல் கியூசக், மாரிஸ் டேவின் முதலானோர் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். அடுத்த சில ஆண்டுகளில் ஊர்தோறும் கழகங்கள் முளைத்தன. 1890–91இல் பார்னெல் என்ற அரசியல் தலைவரை முன்னிட்டு நாடே இரண்டுபட்டபோது அவற்றில் பல கலைந்தும் போயின. ஆகையால் ஒரே கழகம் இரண்டு மூன்று முறை பிறந்திருக்கலாம். எந்தப் பிறப்பைக் கொண்டாடுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை. டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அக்காலக் காவல்துறை இச்சங்கத்தைச் சந்தேகித்து எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. வேவு பார்த்தவர்களின் குறிப்பே கழகத்துக்குப் பிறப்புச் சான்றாக அமைவது ஒரு வேடிக்கைதான்.

அடுத்து, உள்ளூர் வார இதழ்களின் பழைய பிரதிகளைப் புரட்டி ஆட்ட முடிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மேலே போனால் புள்ளி. 2-5 என்றால் இரண்டு கோல், ஐந்து புள்ளி. ஒரு கோலுக்கு மூன்று புள்ளி என்ற கணக்கில் மொத்தம் 11. ஆனால் இந்தக் கணக்கு 1896இல்தான் வந்தது. 1892க்கு முன்னர் எத்தனை புள்ளி எடுத்தாலும் ஒரு கோலுக்கு ஈடாகாது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு கோல் ஐந்து புள்ளிக்குச் சமம். 1889இல் உங்கள் ஊர் 1-0 என்றும் எதிரணி 0-6 என்றும் முடித்திருந்தால், வென்றது உங்கள் ஊர்தான். இன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்து, கொள்ளுத் தாத்தாக்களைத் தோற்கடித்துவிடாதீர்கள்.

தேதியில்லாத புகைப்படம் கிடைத்தால் ஆட்டச் சீருடையில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் அணிக்கு 21 பேர். 1892இல் 17 ஆகவும் 1913இல் 15 ஆகவும் குறைத்தார்கள். மாற்று ஆட்டக்காரர்களும் படத்தில் நின்றிருக்கலாம் என்பதால் இது முடிந்த முடிவன்று, நல்ல துப்பு மட்டுமே.

பெயர்களை உறுதிசெய்ய 1901, 1911 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீடுவீடாக வயதும் தொழிலும் அவற்றில் உண்டு. விடுதலைப் போரின் காரணமாக 1921இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. கழகத்தின் கூட்டக் குறிப்பேடுகளைப் படிக்கும்போது, செயலாளர் ஐரிஷ் மொழியில் எழுதியிருந்தால், அங்கே மக் கவன் (கொல்லன் மகன்) என்றிருப்பவரே கணக்கெடுப்பில் அதன் ஆங்கில வடிவமான ஸ்மித் என்று இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

குறிப்பேடுகளில் இல்லாதவற்றுக்கு முதியவர்களிடம்தான் போக வேண்டும். சாக்கர் (உலகெங்கும் ஆடும் வழக்கமான கால்பந்து), ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகிய ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடவோ பார்க்கச் செல்லவோ கூடாது என்று சங்கம் விதித்த தடை 1971 வரை நீடித்ததால், வேறு பெயரில் அவற்றை ஆடியவர்களும் இருந்தார்கள். 1922–23 உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் பின்னர் ஒரே சட்டையை அணிந்து ஆடியதைப் பற்றிக் கேட்டால் பலர் பேச்சை மாற்றுவார்கள். அவசரப்படாமல் இன்னொரு நாள் போங்கள். சட்டைகளைத் துவைத்து, தேநீர் தயாரித்த பெண்களைப் பற்றியும் கேளுங்கள். குறிப்பேட்டில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

1950களில் அணியே களமிறங்காத ஆண்டுகள் இருந்தால் அவற்றைத் தாண்டிச் செல்லாதீர்கள். அந்தப் பத்தாண்டில் சுமார் 4 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். 15 பேர் சேராமல் பக்கத்துப் பங்குடன் இணைந்து ஆடிய கதை கோப்பை வென்ற கதையைவிட முக்கியமானது என்பது என் எண்ணம்.

அச்சுக்கு அனுப்புமுன் படக் குறிப்புகளை ஊரில் மூத்தவர்கள் இருவரிடமாவது தனித்தனியே காட்டுங்கள். இருவரும் ஒத்துக்கொள்ளாத முகத்துக்குக் கீழே ‘அடையாளம் தெரியவில்லை’ என்றே போடுங்கள். ஊகித்துத் தவறான பெயரைப் போட்டால், படத்தில் இருப்பவருடைய பேத்தி பெரும்பாலும் அதே ஊரில்தான் இருப்பார்.