நாலாம் சடங்கன்று ஒரு கைக்கட்டு

என் பெறாமகள் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளை ஸ்கொட்லாந்துப் பெடியன். அவருடைய தாயார் பேகன் சமயத்தை, அதாவது இயற்கையையும் ஐரோப்பாவின் பழைய தெய்வங்களையும் வணங்கும் வழியைக் கைக்கொள்பவர். தாலி கட்டுவது யாழ்ப்பாணத்தில்தான் என்று முடிவானதும் அந்தச் சம்பந்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தங்கள் முறைப்படி 'ஹாண்ட்ஃபாஸ்டிங்' செய்ய ஒரு பின்னேரம் தர முடியுமா? இணுவிலில் எங்கள் வளவிலேயே அதைச் செய்து முடித்தோம். இப்போது அடுத்த ஊரில் இரண்டு வீட்டார் என்னிடம் விசாரித்துவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன சடங்கு என்று முதலில் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மணமக்களின் கைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, உறுதிமொழி சொல்ல வைப்பது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை என்றெல்லாம் அளக்கத் தேவையில்லை. பேகன் சமயங்களில் ஒன்றான விக்கா வெளியே தெரிய வந்ததே 1950களில்தான். ஆனால் கை பிடித்துச் சம்மதம் சொல்வது அந்த நாட்டில் உண்மையாகவே பழைய வழக்கம். ஸ்கொட்லாந்தில் 1940இல் சட்டம் மாறும்வரை, ஐயரும் இல்லாமல் பதிவும் இல்லாமல், இருவர் சாட்சி முன் சம்மதம் சொன்னாலே கலியாணம் செல்லும். எங்கள் ஆச்சிக்கு இதைச் சொன்னபோது, "கைத்தலம் பற்றுறதுதானே, காப்பும் கட்டுறோம்தானே" என்று அரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

நாள் பார்ப்பதுதான் பெரிய அலுவல். அவர்களுக்கும் நல்ல நாட்கள் உண்டு, எங்களுக்கும் உண்டு, இரண்டும் சண்டை போடும். சம்பந்தி முதலில் கேட்டது ஓகஸ்ட் 1, லூனசா என்ற அறுவடைத் திருநாள். எங்களுக்கு அது ஆடி மாதம். போதாக்குறைக்கு நல்லூர்க் கொடியேற்றமும் அதை அண்டி வரும். மே 1 பெல்டேன். சித்திரை வெயிலில் வளவில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் மயங்கி விழுவார்கள். ஒக்டோபர் 31 வருவதை ஏறக்குறைய 'சாவின்' என்று உச்சரிக்கிறார்கள். மழைக்காலம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், கலியாண வீட்டில் அந்தப் பெயரை யார் எடுப்பது? மிஞ்சியது பெப்ரவரி 1, இம்பொல்க். பிரிஜித் என்ற தெய்வத்துக்குரிய நாள். அதையொட்டி அயர்லாந்தில் 2023 முதல் அரச விடுமுறை விடுகிறார்கள். எங்களுக்கோ தை மாதம், மழை விட்டு வெயில் ஏறாத காலம். அந்தக் கிழமையில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னோம், கிடைத்தது.

தாலி கட்டும் நாளில் இதைச் சேர்க்காதீர்கள். பொன்னுருக்கல், மணவறை, சாப்பாடு என்று ஓடும்போது இது ஒரு வேடிக்கைக் காட்சியாகிவிடும். நாலாம் சடங்குக்கு எப்படியும் சொந்தம் கூடும். பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்தோம்.

இடத்துக்கு முதலில் கடற்கரையைத்தான் யோசித்தோம். காரைநகர் கசூரினாவில் காற்றும் சனமும். கீரிமலை அழகுதான், ஆனால் பிதிர்க்கடன் கழிக்கும் இடத்தில் கலியாணச் சடங்கா? வெளிநாட்டிலிருந்து படம் பார்த்துக் கேட்பார்கள், தயங்காமல் மறுத்துவிடுங்கள். வளவில் ஒரு மாமர நிழல் போதும். தரையில் ஒன்பது அடி குறுக்களவில் வட்டம் போட வேண்டும். நாங்கள் அரிசிமாவால் போட்டோம், எறும்புக்கும் ஆயிற்று. வலமாகத்தான் சுற்றி வருவார்கள், அதில் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை திசையில் வந்தது. விக்கா முறையில் கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். தெற்கில் விளக்கேற்றப் போனதும் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார், அது யமன் திசையாம். அவுஸ்திரேலியாவில் இருக்கும் பேகன்கள் சூரியன் வடக்கே நிற்பதால் நெருப்பை வடக்குக்கு மாற்றுவார்கள் என்று சம்பந்தியே சொன்னார். அப்படியென்றால் இங்கும் கொஞ்சம் நகர்த்தலாம்தானே? விளக்கைத் தென்கிழக்கு அக்கினி மூலைக்குத் தள்ளினோம். இருவருக்கும் சரி. மெழுகுதிரி காற்றில் நிற்காது, அரிக்கன் லாம்பு வையுங்கள். மேற்கில் செம்பில் கிணற்றுத் தண்ணீர், வடக்கில் சட்டியில் தோட்டத்துச் செம்மண், கிழக்கில் சாம்பிராணி. முடிவில் திசைகளுக்கு நன்றி சொல்லி எதிர் ஒழுங்கில் விடைகொடுக்க வேண்டும். அதற்குள் சனம் எழும்பிவிடும், பிடித்து வையுங்கள்.

இனி கயிறு. நான் முதலில் பட்டு ரிபன் வாங்கி ஏமாந்தேன், வழுக்குகிறது. பருத்திக் கயிறுதான் சரி. மூன்று இழை பின்னி, பின்னி முடித்த பிறகு ஒன்பது அடி இருக்க வேண்டும். பின்னும்போது குறுகும் என்பதால் ஒவ்வோர் இழையையும் பன்னிரண்டு அடிக்கு வெட்டுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் எடுத்தோம். கறுப்பு வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், இரண்டாம் தாலியோ என்று யாராவது கேட்பார்கள். மணமக்கள் வலது கைகளைப் பிடித்தபடி நிற்க, கயிற்றை மேலே போட்டு, கையின் அடியில் ஒரே ஒரு தளர்ந்த முடிச்சு. பிறகு ஆளுக்கொரு நுனியை விரலால் பிடித்துக்கொண்டு கையை மெதுவாக உருவினால், முடிச்சு நடுவில் தானே இறுகும். மணிக்கட்டில் கட்டினால் பொம்பிளையின் காப்பில் மாட்டும். நாலாம் நாள் காப்பைக் கழற்றச் சொல்லவும் முடியாது. உள்ளங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். இவரும் நானும் முதல்நாள் குசினியில் நின்று பழகிப் பார்த்தோம். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நேரம் கை பிடித்தது அன்றுதான்.

இரண்டு கைபிடி வைத்த 'குவெய்க்' என்ற கிண்ணத்தில் இருவரும் குடிக்க வேண்டும். அது பெட்டியோடு விமானத்தில் எங்கோ தங்கிவிட்டது. ஆச்சியின் பித்தளை மூக்குப்பேணியை எடுத்தேன், தேன் கலந்த இளநீர் ஊற்றினேன். மாப்பிள்ளை அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் சேட்டெல்லாம் ஊற்றிக்கொண்டார். படங்களில் அதுதான் நல்ல படம்.

கடைசியில் விளக்குமாறு தாண்டுவது. இதை மட்டும் முன்கூட்டியே பேசுங்கள். நான் பேசவில்லை. புதுத் தும்புத்தடியைக் கண்டதும் ஆச்சி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். சம்பந்தியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர்கள் ஊரில் அது மரக்கொப்புகளைக் கட்டிச் செய்வது என்றார். உடனே தடியைக் கழற்றி அதில் வேப்பங்கொப்பைக் கட்டினோம். ஆச்சி இருந்தார், அவர்கள் தாண்டினார்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: இலங்கையில் இந்தச் சடங்கு சட்டப்படி கலியாணம் ஆகாது. எழுத்து தனியாகப் பதிவாளர் முன் நடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கிளாஸ்கோவிலேயே எழுதிவிட்டு வந்தார்கள்.

கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதில்லை. கூறைச் சேலைக்குள் சுற்றிக் கொடுத்துவிட்டேன், இரண்டு பூச்சி உருண்டையும் போட்டு.