வயதுக்குச் சான்று கேட்டால்: ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிறையாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், ஃபேஸ்புக், யூடியூப் முதலிய தளங்களில் கணக்கு வைத்திருக்க இயலாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது, தளத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதற்கு அஞ்சும் தளங்கள் சந்தேகம் எழும் கணக்குகளிடம் வயதுக்குச் சான்று கேட்பதால், நாற்பது வயதுக்காரருக்கும் அந்தக் கேள்வி ஒருநாள் வரக்கூடும்.

குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வரும் இணைப்பைத் தொடாமல், செயலியை நீங்களே திறந்து அங்கும் அதே கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மோசடி என்றே கொள்ளலாம்.

அடுத்து, சான்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். அரசு அடையாள ஆவணத்தை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது, நியாயமான மாற்று வழியும் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தளத்துக்குத் தேவைப்படுவது 16 நிறைந்துவிட்டதா என்ற ஒரே விவரம். ஓட்டுநர் உரிமத்தைப் படமெடுத்து அனுப்பினாலோ பெயர், வீட்டு முகவரி, உரிம எண், பிறந்த தேதி, கையொப்பம் அனைத்தும் கூடவே போய்ச் சேர்கின்றன. வயது தொடர்பான மேல்முறையீட்டுக்காகப் பயனர்கள் அனுப்பிய ஆவணப் படங்களில், ஏறத்தாழ 70,000 பேருடையவை ஒரு வெளி ஒப்பந்த நிறுவனத்தின் வழியே கசிந்திருக்கலாம் என்று டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளம் 2025 அக்டோபரில் அறிவித்ததை நினைவில் வையுங்கள்.

ஸ்னாப்சாட்டில் உள்ளதுபோல் வங்கி வழியாகச் சரிபார்க்கும் வசதி இருந்தால், வயது வரம்பைக் கடந்தவரா என்பதற்கு ஆம், இல்லை என்ற விடை மட்டுமே தளத்துக்குச் செல்லும் என்பதால், நான் அதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். முகத்தைக் காணொளியாக எடுத்து வயதைக் கணிக்கும் முறை பெரியவர்களுக்கு எளிது. பதினாறை ஒட்டிய வயதினருக்கு அது தவறிப்போவது உண்டு.

சரிபார்ப்புக்காகத் திரட்டிய தகவலை அந்த வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதும், பிற நோக்கங்களுக்குப் பயன்படுத்த உங்கள் தெளிவான, தனியான ஒப்புதல் வேண்டும் என்பதும் இதே சட்டத்தின் விதிகள். ஆகவே, "சேவையை மேம்படுத்த" என்ற பெயரில் வரும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

பிள்ளையின் கணக்கு முடக்கப்படவிருந்தால், அதற்கு முன்பே படங்களையும் உரையாடல்களையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கோப்பு தயாராகச் சில மணி நேரம் பிடிக்கலாம். பிள்ளைக்காக உங்கள் முகத்தைக் காட்டி ஏமாற்றுவதும், எந்த நாட்டிலிருந்து இணையத்துக்கு வருகிறோம் என்பதை மறைக்க இலவச விபிஎன் செயலி போடுவதும் வேண்டாம். முன்னதில் உங்கள் முகம் பிள்ளையின் கணக்கோடு பிணைக்கப்படுகிறது. பின்னதில் எந்தெந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது. வாட்ஸ்அப் இந்தத் தடைக்குள் வரவில்லை. யூடியூபைக் கணக்கில் நுழையாமலே பார்க்கலாம். ஆனால் கணக்கோடு இணைந்த பெற்றோர் கட்டுப்பாடுகள் அப்போது செயல்படா என்பது, பிள்ளைகளைக் காக்க வந்த சட்டத்தில் எனக்கு விளங்காத முரண்.

தகவல் அழிக்கப்பட்டதா என்ற ஐயம் எழுந்தால், முதலில் தளத்திடம் எழுத்தில் முறையிட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள்களில் தக்க பதில் வராவிட்டால், ஆஸ்திரேலியத் தகவல் ஆணையர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.