முன்பணம் கொடுக்கும் முன்பே வக்கீலைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் இடம் வாங்குபவர்கள் பலர், கிரையப் பத்திரம் எழுதுகிற வாரத்தில்தான் வக்கீலைத் தேடுகிறார்கள். அது தாமதம். ஒப்பந்தம் போட்டு முன்பணம் கைமாறிய பிறகு குறை தெரிந்தால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவதே தனி வழக்காகிவிடும்.

வக்கீல் உங்களுக்காக மட்டும் வேலை செய்பவராக இருக்க வேண்டும். "எங்க வக்கீல் எல்லாம் பார்த்துட்டாரு" என்று விற்பவரோ புரோக்கரோ சொன்னால், அந்தக் கருத்து அவர்களுக்குரியது. கடனுக்காகப் பத்திரங்களைப் பார்க்க வங்கி வைத்திருக்கும் பேனல் வக்கீலும் வங்கிக்காகத்தான் பார்க்கிறார். கடன் கிடைத்துவிட்டது என்பதால் சொத்தில் வில்லங்கமே இல்லை என்று ஆகிவிடாது.

வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் அவருக்குள்ள பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். சிவில் வழக்குகளில், முடிந்தால் அந்தச் சொத்து இருக்கும் மாவட்ட நீதிமன்றங்களிலேயே, பழக்கம் உள்ளவரா என்று விசாரியுங்கள். சமீபத்தில் எந்த மாதிரிச் சொத்தை வேண்டாம் என்று சொன்னார், ஏன் என்று கேளுங்கள். கட்சிக்காரர் பெயரைச் சொல்லாமலே நல்ல வக்கீல் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். கட்டணத்தில் வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) நகல்களும் எடுக்கும் செலவு, பத்திரம் எழுதுவது, பதிவு நாளில் உடன் வருவது ஆகியவை அடங்குமா என்று முன்பே பேசி ரசீது வாங்குங்கள். பதிவு முடிந்தால்தான் ஃபீஸ் என்று மட்டும் பேச வேண்டாம். "வாங்காதீர்கள்" என்று சொன்னால் நஷ்டப்படும் நிலையில் உங்கள் வக்கீலை நிறுத்தக் கூடாது. அவர் நடத்தையில் தவறு இருந்தால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) முதல் இன்றைய பத்திரம் வரை எல்லாவற்றையும் கொடுங்கள். பட்டா, புல வரைபடம், வாரிசு மற்றும் இறப்புச் சான்றுகள், வரி ரசீது, மனையாக இருந்தால் அங்கீகார உத்தரவு, இவையும் வேண்டும். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டும் உரிமையை நிரூபிக்காது. முதல் பார்வைக்கு ஜெராக்ஸ் போதும், ஆனால் ஒப்பந்தத்துக்கு முன் ஒரிஜினல்களை வக்கீல் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரிஜினல் கைவசம் இல்லை என்றால் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது போடச் சொல்லுங்கள். காலவரையறைச் சட்டப்படி தனியார் தங்கள் நிலத்தை மீட்க வழக்குப்போட 12 ஆண்டு, அரசுக்கு 30 ஆண்டு. அதிகம் கோட்டை விடுவது சர்வே எண்ணில்தான். இன்று 112/3ஏ2 என்றிருக்கும் இடம், உட்பிரிவு ஆவதற்கு முன் வெறும் 112/3 ஆக இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய பதிவுகள் வராமல் போகலாம். ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்ற சான்று கிடைத்து நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். பழைய எண், புது எண் இரண்டுக்கும் தேட வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்திருந்தால் அங்கேயும்தான்.

சான்றில் வராத விஷயங்களும் உண்டு. பதிவு செய்யாத உயில் வராது. பதிவு செய்த உயில்கூட சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் தனியாக ஏறுவதால், 1-ஆம் புத்தகத்திலிருந்து எடுக்கும் சான்றில் தென்படாது. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அப்படித்தான். நடப்பு வழக்கும் பெரும்பாலும் தெரியாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு உங்களையும் கட்டும் (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52). விற்பவர், அவருக்கு முந்தைய உரிமையாளர்கள் எல்லோர் பெயரிலும், நீதிமன்ற வழக்குகளைத் தேட உதவும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள்.

இந்துக் குடும்பச் சொத்தில் பெண் பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்பது 2005 திருத்தம். திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இது கலைக்காது. மைனர் விற்பனையும் ஆபத்துதான். 2012-ல், மூன்று வயதுப் பையன் பெயரில் தனியாக இருந்த சொத்தைத் தாய் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அவன் 21 வயதை எட்டும் 2030 வரை அதை ரத்து செய்யக் கேட்க முடியும். உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து ஒரு ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேளுங்கள். அவர் இறந்ததும் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும்.

வக்கீலின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தப் பத்திரம் பார்த்தார், ஒரிஜினலா நகலா என்ற பட்டியல் அதில் இருக்க வேண்டும். கடைசிப் பத்தியை இரண்டுமுறை படியுங்கள். "கீழ்க்கண்ட ஆவணங்கள் கிடைத்தால்" என்று அங்கே எழுதியிருந்தால், அவை வரும்வரை பணத்தை நகர்த்தாதீர்கள். பதிவுக்கு முந்தைய நாள் மறுபடியும் ஒரு வில்லங்கச் சான்று போடுங்கள். ஒப்பந்தத்துக்கும் கிரையத்துக்கும் நடுவில் புது அடமானம் ஏறியிருக்கலாம்.